நவம்பர் தண்ணீருக்கு ஒரு நாய்

மினசோட்டாவில் வாத்து வேட்டைக்கு நாய் தேடிய நாட்களில், தமிழில் கேட்டு அறிந்துகொள்ள எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னவர்களில் பாதிப் பேர் தங்கள் நாய்க்குட்டியை விற்பதற்காகச் சொன்னார்கள். மீதிப் பேர் தங்கள் நாயைத் தவிர வேறு நாயே உலகில் இல்லை என்பதுபோலச் சொன்னார்கள். கடைசியில் நாய், பயிற்சி, மருத்துவம் என்று 5,000 டாலருக்கு மேல் கரைந்தது. இரண்டு வேட்டைப் பருவங்கள் வீணாயின. ஒரு நவம்பர் காலையில் நாயையே இழந்திருப்பேன். இனி இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வேட்டை என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே உண்டு. அம்மாவுக்குச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பக்கம். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. "அந்த ஊர்ப் பெண் பெற்ற பிள்ளை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வாத்துக்கு அலைகிறானா?" என்று தொலைபேசியில் அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். இங்கே அது உரிமம், பருவம், எண்ணிக்கை என்ற கட்டுக்குள் நடக்கிறது. 16 வயது நிறைந்த ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் 25 டாலர் கொடுத்து ஃபெடரல் வாத்து முத்திரை வாங்க வேண்டும். 1934இல் தொடங்கிய அந்த முத்திரையில் சேரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட், ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. நான் போய் நிற்கும் சதுப்பே அந்தப் பணத்தில் வாங்கியதுதான். அம்மாவிடம் இதையும் சொன்னேன். "அப்படியானால் முத்திரையை மட்டும் வாங்கு" என்றார்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். குடியுரிமைக் காகிதங்களோடு விளையாடாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நான் பச்சை அட்டை வந்த பிறகுதான் தொடங்கினேன்.

முதல் பருவத்தில் நாய் இல்லை. மேற்கு மினசோட்டாவின் குட்டைகளைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே சம்பங்கோரை நெருக்கி நிற்கும். அடிபட்ட வாத்து அதற்குள் விழுந்தால், முங்கிப்போய் ஏதாவது ஒரு தாளைப் பற்றிக்கொண்டு, அலகு நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இரண்டு முழம் தள்ளி நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுவதும் ஈய ரவை தடை. எஃகு ரவை இலேசானது, தூரம் போகப் போக வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். கொஞ்சம் எட்டக் கிடக்கும் பறவையைச் சுட ஆசைப்பட்டால், சாகாமல் அடிபட்டுப் போகும். விழுந்த பறவையை எடுக்க முறையாக முயல வேண்டும் என்பது சட்டம். நானும் மார்புவரை ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு கோரைக்குள் மணிக்கணக்காகத் துழாவியிருக்கிறேன். கிடைக்காமல் திரும்பும்போது வயிற்றைப் பிசையும் உணர்ச்சியை, அம்மாவின் கேள்வியோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பருவம் முடிந்ததும் நாய் இல்லாமல் இனித் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் லாப்ரடார் வைத்திருந்தவர். லாப்ரடார் வாங்கு, அதற்கு மேல் யோசிக்காதே என்றார். எனக்கோ அக்டோபரில் புல்வெளியில் ஃபெசன்ட், வடக்கே காட்டில் கிரௌஸ் என்று தரையில் திரியும் பறவைகளைத் தேடி நடந்து வேட்டையாடவும் ஆசை. சின்ன வீடு, பள்ளிக்குப் போகும் மகள், இரண்டு பேருக்கும் வேலை. ஒரு நாய்க்குத்தான் இடம். அந்த ஒரு நாய் எல்லாமும் செய்ய வேண்டும்.

நம்மூரில் வேட்டைநாய் என்றால் சிப்பிப்பாறையும் கன்னியும் நினைவுக்கு வரும். முயலைக் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கிறவை அவை. பாயிண்டர் வகை முற்றிலும் வேறு. காற்றில் மோப்பம் பிடித்துப் போய், பறவை பதுங்கியிருக்கும் இடத்துக்குச் சில அடி முன்னால் உடல் விறைத்து நின்றுவிடும். நாம் நடந்துவந்து பறவையைக் கிளப்பும்வரை நகராது. லாப்ரடார் போன்ற ரிட்ரீவர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, சுட்டு விழுந்ததை எடுத்துவரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் இந்த இரண்டு வேலைகளையும், அடிபட்ட விலங்கின் தடம் பிடிக்கும் வேலையையும் ஒரே நாயிடம் எதிர்பார்த்தார்கள். அப்படி உருவானவைதான் பல்திறன் பாயிண்டர்கள்: ஜெர்மன் ஷார்ட்ஹேர், முரட்டு முடி கொண்ட டிராட்ஹார், பூடில் நாயையும் பாயிண்டரையும் கலந்து எடுத்த பூடல்பாயிண்டர், மன்ஸ்டர்லாண்டர். கோர்தால்ஸ் என்ற டச்சுக்காரர் உருவாக்கிய கிரிஃபான், ஹங்கேரியின் விஸ்லா, பிரான்சின் பிரிட்டனி ஆகியவற்றையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். எல்லாம் ஒரே பெயரின் கீழ் வருவதால் எல்லாமே தண்ணீருக்கும் ஒரே மாதிரி என்று நினைக்கத் தோன்றும். விற்பவர்களும் அப்படியே நினைக்கவைப்பார்கள்.

நான் வாங்கியது ஷார்ட்ஹேர். கல்லீரல் நிறத் தலை, உடம்பெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி. மகள் மிளகு என்று பெயர் வைத்தாள். 1,600 டாலர். வளர்ப்பாளரின் விளம்பரத்தில் "வாத்து முதல் காடை வரை" என்று இருந்தது. தாய் தந்தை இருவருக்கும் பெயருக்கு முன்னால் பட்டங்கள் இருந்தன. அந்தப் பட்டங்கள் எல்லாம் புல்வெளிப் போட்டிகளில் வாங்கியவை. குதிரையில் ஏறிப் பின்தொடரும் அளவுக்கு வேகமாக, தொலைவாக ஓடும் நாய்களுக்கான போட்டிகள் அவை. தண்ணீரோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. தாய் நாய் நீந்துமா என்று கேட்டேன். நன்றாக நீந்தும் என்றார். பொய்யில்லை, ஜூலை மாதம் அவர்கள் வீட்டுக் குளத்தில் நன்றாகத்தான் நீந்தும்.

வளர்ப்பாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: தாயும் தந்தையும் எந்த மாதம்வரை தண்ணீரில் வேலை செய்கின்றன, பருவத்தில் எத்தனை நாட்கள், எந்த ஊர்க் குட்டையில்? முடிந்தால் பருவத்தின் கடைசி வாரங்களில் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது அப்போது எடுத்த காணொளியைக் கேளுங்கள். முந்தைய ஈற்றில் குட்டி வாங்கிய இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். அதிலும் உங்களைப் போலவே வாத்துக்குப் போகிறவர்களாகக் கேளுங்கள். தாயின் முதுகு முடியை எதிர்த்திசையில் விரலால் கோதிப் பாருங்கள். மேல்முடிக்குக் கீழே தோல் தெரியாதபடி மெத்தென்ற அடிமுடி இருக்க வேண்டும். மிளகின் முதுகில் கோதினால் உடனே இளஞ்சிவப்புத் தோல் தெரியும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் பட்டங்களைப் பற்றியே பேசுகிறவரிடம் வாங்க வேண்டாம். எல்லா ஷார்ட்ஹேரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஜெர்மன் முறைப்படி வளர்ப்பவர்களிடம் தண்ணீருக்கு அஞ்சாத குர்ட்ஸ்ஹார் (ஷார்ட்ஹேரின் ஜெர்மன் பெயர்) நாய்கள் இருக்கின்றன. ஒரே இனத்துக்குள் இரண்டு உலகங்கள் உண்டு, அவ்வளவுதான்.

முதல் கோடை இன்பமாகப் போனது. கொல்லையில் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மிளகு முன்காலைத் தூக்கி நின்ற நாளில் வேலையை விட்டுவிட்டு வேட்டைக்கே போய்விடலாம் போலிருந்தது. தண்ணீருக்குப் பழக்குவதை ஜூனில் தொடங்கினேன். நானே முதலில் இறங்கி நடந்தேன், அவன் பின்னால் வந்தான். இதில் அவசரம் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் தூக்கிப் போட்டுப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை மிரண்ட குட்டியைத் திரும்பத் தண்ணீருக்குள் கொண்டுவர மாதங்கள் ஆகும். ஆகஸ்டில் ஏரிகளில் பச்சைப் பாசி நுரைத்துக் கிடக்கும். அந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடும். பச்சைச் சாயம் கலந்தாற்போல் தெரியும் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணியால் பரவும் லைம் நோய்க்கும் தடுப்பூசியைச் சதுப்புக்குப் போகும் முன்பே போட்டுவிடுங்கள்.

இங்கே நாவ்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் வட அமெரிக்கப் பல்திறன் வேட்டைநாய்ச் சங்கம் இருக்கிறது. 1969இல் தொடங்கியது. 16 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு இயல்புத்திறன் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதிகபட்சம் 112 மதிப்பெண். வயலில் தேடுவது, ஓடிப்போன பறவையின் தடத்தைப் பிடிப்பது, தண்ணீரில் இறங்கி நீந்துவது என்று பார்ப்பார்கள். மிளகு இரண்டாம் பரிசு வாங்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தத் தேர்வு நடந்தது கோடையில். குட்டிக்குத் தண்ணீரில் இறங்கும் விருப்பம் இருக்கிறதா என்பதை அது காட்டும். நவம்பரில் அந்த உடம்பு தாங்குமா என்பதைக் காட்டாது. அது தேர்வின் வேலையும் அல்ல.

அடுத்த தலைவலி மறைவிடத்தில் தொடங்கியது. வாத்து வேட்டையின் பெரும்பகுதி காத்திருப்பு. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம் என்பது சட்டம். அதற்கும் முன்னால் போய்ப் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, கோரைக்குள் பதுங்கி உட்கார வேண்டும். லாப்ரடார் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிடும். மைல் கணக்காக ஓடுவதற்காகவே பிறந்த போட்டி நாயின் பிள்ளைக்கு அது தண்டனை. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் எழுமே, அதுபோல மூக்கிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். வாத்துக் கூட்டம் வட்டமிட்டு இறங்கும் நேரத்தில் முனகல் குரைப்பாக மாறும். கூட்டம் ஒரே திருப்பமாகத் திரும்பிப் போய்விடும். என்னோடு ஒருமுறை வந்த நண்பர் மறுமுறை வரவில்லை.

உட்காரவைப்பதை வீட்டில், உணவு நேரத்தில், மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுத் தொடங்குங்கள். பாயில் ஏறினால் விடுவிக்கும் சொல் வரும்வரை இறங்கக் கூடாது. பிறகு அதே பாயைக் கொல்லைக்கும், குளக்கரைக்கும், கடைசியில் சதுப்புக்கும் கொண்டுபோங்கள். இப்போது எனக்கு இது தெரிகிறது. அப்போது பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பினேன். மாதம் 850 டாலர், மூன்று மாதம். பொருளை வாயில் வாங்கிக் கையில் ஒப்படைக்கும்வரை விடாமல் பிடித்திருக்க நாயைக் கட்டாயப்படுத்திக் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. காதைக் கிள்ளுவதில் தொடங்கும் அது, பொறுமையானவர் கையில் நல்ல முறைதான். மிளகு திரும்பிவந்தபோது மரக்கட்டையைக் காட்டினால் வாயைத் திறந்தான், வாங்கினான், கொடுத்தான். செத்த வாத்தைக் காட்டினால் வாலைக் கால்களுக்கு இடையில் சொருகிக்கொண்டு என் முழங்காலுக்குப் பின்னால் போய் நின்றான். 2,550 டாலர் கொடுத்து, வாத்தைக் கண்டால் அஞ்சும் வாத்து நாயை வாங்கி வந்திருந்தேன். அன்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியிடம் முழுத்தொகையைச் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது.

பயிற்சிக்கு அனுப்புவதானால், போய்ப் பார்க்க அனுமதிக்காத இடத்துக்கு அனுப்பாதீர்கள். வாரம் ஒருமுறையாவது காணொளி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் நாயின் இனத்தில் எத்தனை நாய்களைப் பழக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். ரிட்ரீவர்களையே பழக்கியவர்களில் சிலர், அதே அளவு அழுத்தத்தைப் பாயிண்டர் மீதும் போடுவார்கள். சில பாயிண்டர்கள் அதைத் தாங்காமல் ஒடுங்கிவிடும். மிளகை மீட்டெடுத்த கதை நீளமானது, சுவையும் இல்லாதது: குளிர்பெட்டியில் வைத்த வாத்துச் சிறகு ஒன்று, மகளின் சிரிப்பு, கூடத்தில் தினமும் சில நிமிடம் விளையாட்டு. கட்டளை எதுவும் கிடையாது. அடுத்த கோடைக்குள் முழு வாத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான்.

அந்த ஆண்டு அக்டோபர் முழுவதும் அவன் என்னைத் தலைநிமிர வைத்தான். காலையில் வாத்து, மதியம் ஃபெசன்ட். எந்தப் பல்திறன் நாய்க்காக ஆசைப்பட்டேனோ அதே நாய். பிறகு நவம்பர் இரண்டாம் வாரம் வந்தது. கரையோரம் கண்ணாடித்தாள் கனத்துக்குப் பனிக்கட்டி, காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு ஆறு டிகிரி கீழே. வடக்கிலிருந்து ஸ்காப் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. மிளகு கஸ்தூரி எலிகள் கட்டிய கோரை மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் பறவையை எடுத்துவந்து உதறினான், நடுங்கினான். நடுங்குவது வழக்கம்தானே என்று துடைத்துவிட்டேன். அடுத்த பறவை முங்கி முங்கி வெகுதூரம் இழுத்துப்போய்விட்டது. எடுத்துக்கொண்டு திரும்பியவன் மேட்டில் ஏறினான், வாத்தைக் கீழே வைத்தான், உதறவில்லை. நனைந்த நாய் உதறாமல் நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வயிற்று முடியில் தண்ணீர் சொட்டியபடியே மணிமணியாக உறைந்துகொண்டிருந்தது. கண் என் மீது இருந்தது, பார்வை இல்லை. நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. நடுக்கம் நின்றதும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

நடுக்கம் என்பது உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ள நடத்தும் போராட்டம். குளிரில் கிடந்த நாய்க்கு அது தானாக நின்றால், உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். கொழுப்பு இல்லாத உடம்பு, அடிமுடி இல்லாத தோல். வேறென்ன ஆகும்? துப்பாக்கியில் இருந்த தோட்டாக்களை எடுத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். பொம்மை வாத்துகள் அங்கேயே மிதந்தன. ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்து, என் கம்பளிச் சட்டையைச் சுற்றி, தேநீருக்காகக் கொண்டுபோயிருந்த பிளாஸ்க் வெந்நீரைப் பாட்டில்களில் கொஞ்சம் ஆற்றி ஊற்றி, காலுறைக்குள் போட்டு நெஞ்சுப் பக்கமும் அக்குளிலும் வைத்தேன். கால்களைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கால்களில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி நிலைமையை மோசமாக்கும். கொதிநீரையும் நேராக வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். மருத்துவமனையில் வெப்பமானியை வைத்தபோது 34 டிகிரி செல்சியஸ். நாய்க்கு இயல்பு 38க்கு மேல். வெதுவெதுப்பான திரவம் ஏற்றி மாலைவரை வைத்திருந்தார்கள். 1,200 டாலர் கட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு மகள் அவனோடு தரையில் படுத்துக்கொண்டாள், நானும்தான்.

மிளகை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். அக்டோபர் முடியும்வரை வாத்துக்கு வருகிறான், பிறகு ஃபெசன்டுக்கு மட்டும். தண்ணீருக்குப் போகும் நாட்களில் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் நியோப்ரீன் சட்டை போடுகிறேன். அது கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அக்குளில் தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, இல்லாததைவிட மோசம். கிளையில் மாட்டினால் ஆபத்து என்பதால் காடடர்ந்த தண்ணீரில் போடுவதில்லை. காத்திருக்கும்போது தண்ணீருக்கு மேலே நிற்க மடக்கு மேடை ஒன்று வாங்கினேன். நாயின் உடல் சூடு வீணாவது நீந்துவதைவிட நனைந்தபடி நிற்பதில்தான். வேட்டைக்கு முந்திய இரவு வயிறு நிறைய உணவு, காலையில் கொஞ்சம்தான். நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் ஆழ்ந்த மார்புள்ள இந்த நாய்களுக்கு உண்டு.

பருவத்தின் பின்பாதிக்கு இன்னொரு நாய் வேண்டும் என்று முடிவானபோது, ஒரு நாய்க்குத்தான் இடம் என்று சொன்ன என் வாயே என்னைக் கேலி செய்தது. இந்த முறை விளம்பரம் பார்க்கவில்லை. நாவ்டாவின் பயனுறு தேர்வுக்குத் தொண்டு ஆளாகப் போனேன். வளர்ந்த நாய்களுக்கான அந்தத் தேர்வில் வாத்துத் தேடல் என்று ஒரு பகுதி உண்டு. கோரை அடர்ந்த சதுப்பில் வாத்தை விட்டுவிட்டு, திறந்த தண்ணீரைத் தாண்டி நாயை அனுப்புவார்கள். உரிமையாளர் கரையில் நிற்க வேண்டியதுதான். நாய் தானாகவே பத்து நிமிடம் தேட வேண்டும். சில நாய்கள் கரையோரம் சுற்றிவிட்டு உதவி கேட்டு முகத்தைத் திருப்பின. பழுப்பு நிறத்தில் ஒரு பூடல்பாயிண்டர் பெட்டை இறங்கிப் போனது. பிறகு கோரை நுனிகளின் அசைவு மட்டும்தான் தெரிந்தது. அசைவு நிற்கும், திசை மாறும், திரும்பவும் ஓடும். பத்து நிமிடத்தில் ஒருமுறைகூட அது கரையைப் பார்க்கவில்லை. முதல் பருவத்தில் கோரைக்குள் நான் விட்டுவந்த வாத்துகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. சோதனை முடிந்து ஏறியதும் அது ஒரு உதறு உதறியதில் நடுவர்களின் குறிப்பேடு நனைந்தது. கோதிப் பார்க்க அனுமதி கேட்டேன். உள்ளே முடி காய்ந்திருந்தது.

டிராட்ஹாரையும் யோசித்தேன். அந்த இனத்தின் தாய்ச்சங்கம் தேர்வுகளில் தேறாத, இடுப்பு எலும்பு சரியில்லாத நாய்களை இனப்பெருக்கத்துக்கே அனுமதிப்பதில்லை. உறைபனித் தண்ணீருக்கு அதைவிட உறுதியான பாயிண்டர் எனக்குத் தெரியாது. ஆனால் ரக்கூன், நரி போன்றவற்றைக் கண்டால் கொன்றே தீர வேண்டும் என்ற வெறியையும் ஜெர்மானியர்கள் அந்த இரத்தத்தில் வேண்டியே வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பூனைகள் அதிகம், அவற்றில் பாதி என் மகளின் தோழிகள் வீட்டுப் பூனைகள். கிரிஃபான் சாதுவானது, மெதுவாகத் தேடும், நடந்து வேட்டையாடுகிறவருக்கு இதமான துணை. ஆனால் நான் பார்த்தவற்றின் முடி நீளமாக, பஞ்சாக இருந்தது. ஒட்டுமுள்ளும் பனிக்கட்டியும் அதில் ஒட்டினால் எடுக்கும் வேலை நமக்குத்தான். விஸ்லாவும், அதுபோன்ற குட்டைமுடி ஜெர்மானிய இனமான வைமரனரும் என் கணக்கில் முதலிலேயே அடிபட்டுப்போயின, காரணம் மிளகின் முதுகு.

பூடல்பாயிண்டருக்குக் காத்திருப்புப் பட்டியலில் ஒரு ஆண்டுக்கு மேல் இருந்தேன். நல்ல வளர்ப்பாளர்கள்தான் நம்மை நேர்காணல் செய்வார்கள்: எங்கே வேட்டை, வீட்டில் யார், நாய் எங்கே தூங்கும் என்று. கோபப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. இடுப்பு எலும்புச் சான்று கேளுங்கள். நாய்களின் எலும்பைச் சோதித்துச் சான்று தரும் ஓஎஃப்ஏ அமைப்பின் இறுதிச் சான்று 24 மாதம் நிறைந்த பிறகுதான் கிடைக்கும். ஆகவே இரண்டு வயதுகூட ஆகாத தாய்க்கு இறுதிச் சான்று இருப்பதாகச் சொன்னால் காகிதத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள். டிராட்ஹார் வாங்குபவர்கள் இரத்தம் உறையாமல் போகும் வான் வில்லிபிராண்டு நோய்க்கான மரபணுச் சோதனையையும் கேட்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய பூடல்பாயிண்டர் நீலிக்கு இப்போது மூன்று வயது. தாடியில் தண்ணீரைச் சுமந்துவந்து வீடெல்லாம் சிந்துகிறாள், ஒட்டுமுள் பருவத்தில் அந்தத் தாடிக்கு அரை மணி நேரம் சீப்புப் பிடிக்க வேண்டியிருக்கிறது, வயலில் மிளகின் வேகம் அவளிடம் இல்லை. நவம்பர் கடைசியில் தண்ணீரிலிருந்து ஏறி, உதறி, அடுத்த கூட்டத்துக்காக வானத்தைப் பார்க்கிறாள்.

நீங்கள் பெரிய ஏரியில், பருவத்தின் கடைசி வாரங்களில், வாத்துக்கு மட்டுமே போகிறவர் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னபடி லாப்ரடார் வாங்கிவிடுங்கள். ஃபெசன்டும் வேண்டும், கோரைக்குள் தானாகத் தேடும் நாயும் வேண்டும் என்றால், காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு கோடையைத் தேர்வு மைதானங்களில் செலவழியுங்கள். பார்வையாளர்களை வரவேற்பார்கள், பறவைக் கூண்டு தூக்க ஆள் எப்போதும் வேண்டும். நாய்க்காரர்கள் அங்கே மனம்விட்டுப் பேசுவார்கள், தங்கள் நாயின் குறைகளை உட்பட. முழங்கால்வரை ரப்பர் காலணியும் கொசு மருந்தும் கொண்டுபோங்கள். வீடு திரும்பியதும் காதுமடலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், நாய்க்கும் உங்களுக்கும்.